நிரம்பாத இடம்: கொள்திறன் திட்டமிடலின் அறம் பற்றிய ஒரு நோக்கு

களஞ்சியம் ஒன்றைக் கட்ட முற்படுபவர் முதலில் விடை காணவேண்டிய வினா, அது எவ்வளவு பெரிதாக இருத்தல் வேண்டும் என்பதாகும். சிறிதாகக் கட்டினால், விளைச்சல் மிகுந்த ஆண்டில் நெல் முற்றத்திற் கிடந்து நனையும். பெரிதாகக் கட்டினால், ஏனைய ஆண்டுகளில் அதன் பாதி வெறுமையாகக் கிடக்கும். அவ்வெறுமைக்கும் செலவு உண்டு. இவ்வினா உழவருக்கு மட்டும் உரியதன்று. நீர்த்தேக்கம் அமைக்கும் பொறியியலாளர், மருத்துவமனைக்குக் கட்டில்களை ஒதுக்கும் நிருவாகி, தொழிற்சாலைக்கு உதிரிப்பாகங்களை வரவழைக்கும் முகாமையாளர், தரவு நிலையத்திற்கு வன்தட்டுகளைக் கொள்வனவு செய்யும் கணினியியலாளர் ஆகிய அனைவரும் வெவ்வேறு அலகுகளில் இதே கணக்கையே போடுகின்றனர். இன்று இக்கணக்கு ‘கொள்திறன் திட்டமிடல்’ என்னும் பெயரில் ஒரு தனித் துறையாக வளர்ந்துள்ளது.

அத்துறையைக் கற்போர் நிகழ்தகவையும் செலவுக் கணக்கையும் எதிர்வுகூறும் முறைகளையும் கற்கின்றனர். எவ்வளவு இடத்தை நிரப்பாது விடவேண்டும் என்பது முற்றிலும் ஒரு தொழில்நுட்ப வினா என்ற எண்ணம் இதனால் வேரூன்றியுள்ளது. இவ்வெண்ணம் குறைபாடுடையது என்பதே ஈண்டு நிறுவ முற்படும் கருத்தாகும். ஒதுக்கத்தின் அளவைத் தீர்மானிப்பவர், தட்டுப்பாடு நேரும்போது யாருடைய துன்பத்தை யார் தாங்குவது என்பதையும் உடன் தீர்மானித்து விடுகின்றார். ஆகவே அது அறவியல் வினாவுமாகும்.

முதலில், ஒதுக்கத்திற்கு எதிரான வாதத்தை அதன் முழு வலிமையோடும் நோக்குதல் முறையாகும். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், மூலதனம் அருகிக் கிடந்த யப்பானிலே, ரொயோட்டா நிறுவனத்தின் பொறியியலாளரான ஒனோ தாயிச்சி புதியதோர் உற்பத்தி முறையை வகுத்தார். தேவையான பொருள், தேவையான வேளையில், தேவையான அளவில் மட்டும் வந்து சேரவேண்டும் என்பதே அதன் சாரம். அவர் எடுத்துக்காட்டிய ஏழு வகை விரயங்களுள் தேங்கிக் கிடக்கும் இருப்பும் ஒன்றாகும். இருப்பு என்பது பணத்தை முடக்குவது மாத்திரமன்றி, குறைகளை மறைப்பதும் ஆகும் என்பது இம்முறையைப் பின்பற்றுவோரின் வாதம். ஆற்றில் நீர்மட்டம் உயர்ந்திருக்கும்போது அடியிலுள்ள பாறைகள் தெரிவதில்லை. நீரை வற்றவிட்டாற்றான் அவற்றைக் கண்டு அகற்றலாம் என்பது அவர்கள் விரும்பிக் கையாளும் உவமை. இவ்வாதத்தில் அறநோக்கும் இல்லாமலில்லை. மனித உழைப்பினால் உருவான பொருளைப் பயனின்றிக் கிடக்கவிடுதல் அவ்வுழைப்பை அவமதிப்பதாகும் அன்றோ? வறிய நாடொன்று வெற்றுக் களஞ்சியங்களிற் செல்வத்தை முடக்குமாயின் அதனைச் சிக்கனம் எனல் பொருந்துமா?

இவ்வினாக்கள் எளிதிற் புறக்கணிக்கத்தக்கன அல்ல. எனினும், வெறுமையாகக் கிடக்கும் இடம் பயனின்றிக் கிடக்கின்றது என்னும் எடுகோளைக் கணிதமே மறுக்கின்றது. டென்மார்க்கின் தலைநகரான கொப்பன்ஹேகனில் தொலைபேசிக் கம்பனியொன்றிற் பணியாற்றிய ஏ. கே. ஏர்லாங் என்னும் கணிதவியலாளர், 1909 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின் மூலம் இன்று வரிசைக் கோட்பாடு எனப்படும் துறைக்கு அடித்தளமிட்டார். அழைப்புகள் எழுந்தமானமாக வருகையில் எத்தனை இணைப்புகள் போதுமானவை என்பதே அவர் எதிர்கொண்ட பிரச்சினை. அவருக்குப் பின் வளர்ச்சியுற்ற இக்கோட்பாட்டின் மிக எளிய மாதிரியை எடுத்துக்கொள்வோம். ஒரேயொரு சேவையாளர் இருக்கின்றார். வருவோர் எழுந்தமானமாக வருகின்றனர். ஒவ்வொருவருக்கும் தேவைப்படும் நேரமும் எழுந்தமானமாக மாறுகின்றது. சேவையாளர் தமது நேரத்தில் 50 சதவீதம் மட்டும் வேலை செய்யும் நிலையில், அங்கு நிற்போரின் சராசரி எண்ணிக்கை 1. அது 80 சதவீதமானால் 4. 90 சதவீதமானால் 9. 95 சதவீதமானால் 19. 99 சதவீதமானால் 99. சேவையாளரின் ஓய்வை நூற்றுக்கு ஐந்திலிருந்து ஒன்றாகக் குறைப்பதனால் நிருவாகம் பெறும் இலாபம் சிறிது. காத்து நிற்போர் இழக்கும் நேரமோ ஐந்து மடங்காகப் பெருகுகின்றது.

இவ்வெண்களில் மனங்கொள்ளத்தக்க செய்தி ஒன்றுண்டு. சேவையாளரின் ஓய்வு நேரம் நிருவாகத்தின் கணக்கேட்டிற் செலவாகப் பதியப்படுகின்றது. வரிசையில் நிற்போரின் நேரம் எவருடைய கணக்கேட்டிலும் பதியப்படுவதில்லை. விரயம் ஒழிந்துவிட்டது என நிருவாகம் அறிக்கை விடுக்கும்போது, உண்மையில் அவ்விரயம் பதிவுள்ள ஏட்டிலிருந்து பதிவில்லா இடத்துக்குப் பெயர்ந்துள்ளது. வெளிநோயாளர் பிரிவின் வாங்கிலே விடியற்காலையிலிருந்து காத்திருப்பவர் தமது ஒருநாட் கூலியை இழக்கின்றார். மருத்துவமனையின் வினைத்திறன் பற்றிய அறிக்கையில் அவ்விழப்புக்கு இடமில்லை.

தரவுச் சேமிப்பை அமைத்தோர் இவ்வுண்மையைத் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தனர். லினக்ஸ் இயக்க முறைமையிற் பெரிதும் வழங்கும் கோப்பு முறைமைகள், வேறுவிதமாகப் பணிக்கப்பட்டாலன்றி, இடத்தின் 5 சதவீதத்தைச் சாதாரண பயனர் தொட முடியாதவாறு ஒதுக்கி வைக்கின்றன. பயனருக்கு ‘இடமில்லை’ என்ற செய்தி காட்டப்படும் வேளையிலும் நிருவாகிக்குச் சிறிது இடம் எஞ்சியிருக்கும். அவ்விடத்தைக் கொண்டே அவர் உட்புகுந்து சீர்செய்ய முடியும். திண்மநிலைச் சேமிப்பகங்களும் அவ்வாறே. பழைய தரவை அழித்த பின்னரே புதியதை எழுத இயலுமாதலால், பெயர்த்து வைத்துப் பணியாற்றுவதற்கென உற்பத்தியாளர் ஒரு பகுதியை மறைவாக ஒதுக்குகின்றனர். முற்றாக நிரம்பிய சேமிப்பகம் தன்னைத் தானே ஒழுங்குபடுத்தும் வலுவையும் இழந்துவிடுகின்றது. ஆகவே வெறுமை என்பது இயக்கத்தின் ஓர் உறுப்பேயாகும்.

இதுவரை நோக்கியது ஒரு முறைமையின் உள்ளே நிகழ்வது. பல முறைமைகள் ஒன்றோடொன்று பிணைந்து நிற்கையில் என்ன நேரும் என்பதற்குத் தாய்லாந்தில் 2011 ஆம் ஆண்டு நிகழ்ந்த பெருவெள்ளம் தக்க சான்றாகும். அந்நிகழ்விலே நீர்த்தேக்கத்தின் கொள்திறன், தொழிற்சாலையின் கொள்திறன், உலகின் தரவுச் சேமிப்புக் கொள்திறன் ஆகிய மூன்றும் ஒரே கோட்டில் வந்து சந்தித்தன.

பிங் ஆற்றின் மீதுள்ள பூமிபோல் அணையும் நான் ஆற்றின் மீதுள்ள சிரிகித் அணையும் தாய்லாந்தின் நடுச்சமவெளிக்கு நீரூட்டுவன. அவ்விரு ஆறுகளும் நக்கோன் சவானில் ஒன்றிணைந்து சாவோ பிராயா என்னும் பெயரோடு பாங்கொக்கை நோக்கிப் பாய்கின்றன. இத்தகைய அணைகளிடம் ஒன்றுக்கொன்று முரணான இரு பணிகள் ஒப்படைக்கப்பட்டுள்ளன. வறட்சிக்கு அஞ்சினால் அணை நிறைந்திருத்தல் வேண்டும். வெள்ளத்துக்கு அஞ்சினால் அது வெறுமையாயிருத்தல் வேண்டும். இரணைமடுவின் நீரை நம்பிச் சிறுபோகம் செய்வோருக்கும், மாரியில் அது வான் பாயும்போது கீழ்ப்புறத்தில் வாழ்வோருக்கும் இம்முரண் புதியதன்று. 2010 ஆம் ஆண்டின் முற்பகுதியில் தாய்லாந்தைக் கடும் வறட்சி வாட்டியது. நீர்த்தேக்கங்கள் வற்றிக் கிடந்தன. அந்நினைவு மறையாத நிலையில், 2011 இன் மழைநீர் அணைகளிற் சேமிக்கப்பட்டது. அவ்வாண்டின் மழையோ சராசரியிலும் ஏறத்தாழ 40 சதவீதம் மிகுந்தது. ஒக்டோபர் மாதத் தொடக்கத்தில் அணைகள் நிரம்பும் நிலையை அடைந்தன. ஏற்கெனவே கரைபுரண்டோடிய ஆற்றிலே மேலும் நீரைத் திறந்துவிடுவதைத் தவிர வேறு வழியிருக்கவில்லை. அணை நிருவாகத்தின் பொறுப்பு எத்தகையது என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. மழையின் அளவே முதன்மைக் காரணம் என்பதை மறுப்பதற்குமில்லை. எனினும், நீருக்கான ஒதுக்கமும் வெள்ளத்துக்கான ஒதுக்கமும் ஒரே இடத்துக்குப் போட்டியிட்டன என்பதும், சென்ற ஆண்டின் துன்பம் இவ்வாண்டின் தீர்மானத்தை ஆட்கொண்டது என்பதும் தெளிவு.

அவ்வெள்ளத்தில் 800 இற்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். சேதமும் இழப்பும் ஏறத்தாழ 1.4 இலட்சம் கோடி பாத் என உலக வங்கி மதிப்பிட்டது. அயுத்தயா, பத்தும் தானி மாகாணங்களில் அமைந்த ஏழு கைத்தொழிற் பேட்டைகள் நீரில் மூழ்கின. உலகின் வன்தட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 40 சதவீதம் அக்காலத்தில் தாய்லாந்திலேயே நடைபெற்றது. வெஸ்டர்ன் டிஜிற்றல் நிறுவனத்தின் தொழிற்சாலைகள் மூழ்கின. சீகேற் நிறுவனத்தின் தொழிற்சாலைகள் நேரடியாக மூழ்கவில்லையாயினும், உதிரிப்பாகம் வழங்குவோர் முடங்கியமையால் அதுவும் தடுமாறியது. வன்தட்டைச் சுழற்றும் நுண்மோட்டார்களில் உலகுக்குத் தேவையானவற்றின் பெரும்பகுதியை உற்பத்தி செய்த நிடெக் நிறுவனத்தின் தாய்லாந்துத் தொழிற்சாலைகளும் பாதிக்கப்பட்டன. அவ்வாண்டின் மூன்றாம் காலாண்டில் ஏறத்தாழ 17 கோடியாக இருந்த உலக வன்தட்டு விநியோகம், நான்காம் காலாண்டில் 12 கோடியளவுக்கு வீழ்ந்தது. சில வாரங்களுள் பல வகை வன்தட்டுகளின் விலை இருமடங்காயிற்று. சாவோ பிராயாவின் பெயரையே கேட்டறியாத ஒருவர், உலகின் பிறிதொரு மூலையில் தமது ஆய்வுத் தரவுகளைச் சேமிக்க இடமின்றித் திண்டாடினார்.

தொழிற்சாலைகளை ஓரிடத்திற் குவித்தமைக்குக் காரணம் வினைத்திறனேயாகும். மோட்டார் செய்பவரும் தலைப்பகுதி செய்பவரும் பொருத்துபவரும் அருகருகே இருப்பின் போக்குவரத்துக் குறையும், இருப்பும் குறையும். சாதாரண காலத்தில் அதன் பயனாக உலகெங்கும் வன்தட்டுகள் மலிவாகக் கிடைத்தன. அந்நன்மையை அனைவரும் நுகர்ந்தோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் நன்மை சிறுசிறு துளிகளாக அனைவருக்கும் பகிரப்பட்டது. தீமையோ, வந்தபோது, சிலர் மீது மொத்தமாக விழுந்தது. நாட்கூலி இழந்த தொழிற்சாலைப் பெண்ணும் பயிர் அழுகிய உழவரும் ஏற்றதையும், விலையேற்றத்தைத் தாங்கிய தூரதேசத்து நுகர்வோர் ஏற்றதையும் ஒரே தராசில் வைத்தல் இயலாது.

இதனினும் கூர்மையான வினாவை அவ்வெள்ளத்தின் பிறிதொரு நிகழ்வு எழுப்புகின்றது. நாட்டின் பொருளாதார நெஞ்சமாகிய பாங்கொக்கின் மையப்பகுதியைக் காப்பதற்காக மணல்மூடைத் தடுப்புகளும் மதகுகளும் பயன்படுத்தப்பட்டன. மையம் பெரும்பாலும் நனையாமல் தப்பியது. ஆனால் தடுக்கப்பட்ட நீர் தடுப்புக்கு வெளியே தேங்கி நின்றது. நகரின் கிழக்கே குலோங் சாம் வா என்னும் இடத்தில், தமது வீடுகள் நீரில் நிற்கக் கண்ட மக்கள் மதகைத் திறக்குமாறு திரண்டனர். அதனைத் திறந்தால் அப்பாலுள்ள கைத்தொழிற் பேட்டை மூழ்கும் என அதிகாரிகள் அஞ்சினர். இறுதியில் மதகு ஓரளவு திறக்கப்பட்டது. அம்மக்களின் வீடுகளும் வயல்களும் அவர்களைக் கேளாமலே நகரத்தின் ஒதுக்கக் கொள்திறனாக ஆக்கப்பட்டிருந்தன. அணைக்குள் விடப்படாத வெற்றிடம் அவர்களது முற்றத்திலே தேடிக்கொள்ளப்பட்டது எனலாம்.

இந்நிகழ்விலிருந்து பெறப்படும் உண்மையைப் பொதுமையாகக் கூறுவதாயின், ஒதுக்கத்தைக் குறைப்பதனால் ஆபத்து மறைவதில்லை. அதைத் தாங்குவோர் மாறுகின்றனர். கணக்கேட்டைத் தயாரிக்கும் வேளையில் அறையில் இல்லாத ஒருவரிடம் அது கையளிக்கப்படுகின்றது. ரொயோட்டா நிறுவனமே இதனை ஓரளவு உணர்ந்தது. 2011 மார்ச்சில் யப்பானின் வடகிழக்கைத் தாக்கிய நிலநடுக்கத்தின் பின்னர், குறைகடத்திச் சில்லுகளை வழங்குவோர் இரண்டு முதல் ஆறு மாதங்களுக்கான இருப்பை வைத்திருக்க வேண்டுமென அது பணித்தது. அதனால், உலகளாவிய சில்லுத் தட்டுப்பாடு தோன்றியபோது, போட்டி நிறுவனங்கள் பலவற்றிலும் நெடுங்காலம் அது தாக்குப்பிடித்தது. 2021 செப்டெம்பரில் அதுவும் உற்பத்தியைப் பெருமளவு குறைக்க நேர்ந்தது என்பதையும் மறத்தலாகாது. எந்த ஒதுக்கமும் எல்லையற்றதன்று.

இந்நிலையில் எதிர்வாதமொன்று மீண்டும் தலைதூக்குகின்றது. ஒதுக்கம் நல்லதெனில், அதனை மேலும் மேலும் பெருக்கலாமன்றோ? இல்லை, ஒதுக்கத்தின் சுமையும் பெரும்பாலும் பிறர் தலையிலேயே விழுகின்றது. உலகின் தரவு நிலையங்கள் 2024 ஆம் ஆண்டில் நுகர்ந்த மின்சாரம் ஏறத்தாழ 415 ரெறாவற்று மணித்தியாலம் எனச் சர்வதேச சக்தி முகவரகம் மதிப்பிட்டுள்ளது. இது உலக மின் நுகர்வின் ஏறத்தாழ ஒன்றரைச் சதவீதமாகும். ஒருபோதும் வாராத உச்சத் தேவைக்காக இயங்கிக்கொண்டிருக்கும் கணினிகளும் இதில் அடங்கும். ஒருவரது கோப்புகள் ஒரு நொடியும் தாமதியாமல் திறப்பதற்காக, வேறொரு நாட்டின் வெப்பநிலை உயருமாயின், அங்கும் ஆபத்தே கைமாறுகின்றது. ஆகவே ‘கூடுதல் நல்லது’ என்பதும் ‘குறைவு நல்லது’ என்பதும் அறவிதிகளாகா.

சேமிப்புக்கும் பதுக்கலுக்கும் இடையிலான வேறுபாடும் இங்கு ஆராயப்பட வேண்டியதாகும். தாய்லாந்து வெள்ளத்தின் பின்னர் நிகழ்ந்த ஒன்றை நோக்குவோம். ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த பக்பிளேஸ் என்னும் நிறுவனம், நிலையான மாதக் கட்டணத்துக்கு எல்லையற்ற அளவில் தரவுப் பிரதிகளைப் பாதுகாத்துத் தருவதாக வாடிக்கையாளருக்கு வாக்களித்திருந்தது. மொத்த வணிகத்தில் வன்தட்டுகளின் விலை எட்டாத உயரத்துக்குச் சென்றபோது, அந்நிறுவனத்தின் ஊழியரும் அவர்தம் உறவினரும் நண்பரும் சில்லறைக் கடைகள் தோறும் சென்று, வீட்டுப் பாவனைக்கான வெளிப்புற வன்தட்டுகளை வாங்கி, உறையை உடைத்து உள்ளிருந்ததை எடுத்துப் பயன்படுத்தினர். ஒருவருக்கு இரண்டு மட்டும் எனக் கடைகள் வரையறுத்திருந்தமையாலேயே அத்தனை பேர் தேவைப்பட்டனர். இதனை அந்நிறுவனமே பின்னர் வெளிப்படையாக எழுதியது.

இச்செயல் சரியா, பிழையா? கொடுத்த வாக்கைக் காப்பதற்காக அது செய்யப்பட்டது, அவ்வகையிற் பாராட்டத்தக்கது. எனினும் ‘இருவருக்கு இடையே பகிர்’ என்னும் நோக்குடன் கடை விதித்த வரையறையின் உட்கருத்து அங்கு மீறப்பட்டது. தட்டிலிருந்து எடுக்கப்பட்ட ஒவ்வொரு வன்தட்டும் வேறொருவருக்குக் கிடையாது போயிற்று. இவ்விரு உண்மைகளும் ஒன்றையொன்று அழிப்பதில்லை. சிக்கலின் வேர், ஒதுக்கத்தை முன்கூட்டிச் சேர்க்காது எல்லையற்றதை வாக்களித்த இடத்திலேயே உள்ளது. ‘சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்’ என்பது நம் முன்னோர் பழமொழி. சட்டியின் அளவை அறிந்தும் அகப்பைக்கு எல்லையில்லை என விளம்பரம் செய்தல், தட்டுப்பாட்டு நாளிலே பிறர் சட்டியில் கைவைக்க வேண்டிய நிலையைத் தானே உருவாக்கிக் கொள்வதாகும்.

வாக்குறுதி பற்றிய இவ்வினா தரவுச் சேமிப்பில் மிகப் பரவலானது. நூறு பயனருக்குத் தலைக்கு ஓர் அலகு இடம் என ஒதுக்கிக் காட்டிவிட்டு, உண்மையில் நாற்பது அலகு இடத்தை மட்டும் வாங்கி வைப்பது வழமையான முகாமைத்துவ முறையாகும். வங்கிகளும் இவ்வாறே இயங்குகின்றன. இது பொய்யா எனின், முற்றிலும் அன்று. அனைவரும் ஒரே நாளில் முழு அளவையும் கோரமாட்டார் என்பது அனுபவ உண்மை. அதனாற் கிடைக்கும் மலிவில் அனைவருக்கும் பங்குண்டு. ஆனால் இக்கணக்கு ஓர் எடுகோளின் மேல் நிற்கின்றது. ஒருவரது தேவை மற்றவரது தேவையைச் சாராதது என்பதே அவ்வெடுகோள். வெள்ளம், போர், கொள்ளைநோய் ஆகியன வரும் நாளில் அனைவரது தேவையும் ஒரே வேளையில் எழுகின்றது. ஐக்கிய அமெரிக்காவில் 2009 ஆம் ஆண்டின் இன்புளுவென்சாத் தொற்றின்போது தேசிய இருப்பிலிருந்து பகிர்ந்தளிக்கப்பட்ட முகக்கவசங்களுக்கு ஈடாகப் போதிய அளவு மீண்டும் சேர்க்கப்படவில்லை என்பது 2020 இல் வெளிப்பட்டது. அப்போது உலகின் ஏனைய நாடுகளும் அதே கவசத்துக்காக அதே உற்பத்தியாளரின் வாயிலில் நின்றன. வாக்குறுதி மிகவும் தேவைப்படும் நாளே அது பொய்க்கும் நாளாகவும் அமைகின்றது. அந்நிலையை முன்னரே அறிந்திருந்தும் அறிவிக்காதவர், சாதாரண நாட்களில் வாக்கைக் காப்பாற்றிய பெருமையைக் கோர முடியாது.

தட்டுப்பாடு வந்த பின்னர் அவநம்பிக்கையே மேலும் கொள்திறனை விழுங்குகின்றது. ஜே ஃபொரஸ்ரர் 1961 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், கடையில் நிகழும் சிறிய தேவை மாற்றம் மொத்த வணிகர், தொழிற்சாலை எனப் பின்னோக்கிச் செல்லச் செல்லப் பெருகி அலைமோதுவதை விளக்கினார். தட்டுப்பாடு எனக் கேள்வியுற்றதும் நூறு தேவைப்படுவோர் இருநூறு கோருகின்றனர். பாதிதான் கிடைக்கும் என்பது அவர்களது கணக்கு. இலங்கையில் 2022 ஆம் ஆண்டு அந்நியச் செலாவணி ஒதுக்கம் வற்றியபோது இதனை நாம் அனைவரும் கண்டோம். எரிபொருள் நிலையங்களின் முன் நாட்கணக்கில் நீண்ட வரிசைகளில், உடனடித் தேவையுடையோரோடு, நாளை கிடையாது என்ற அச்சத்தால் நின்றோரும் கலந்திருந்தனர். அவ்வாண்டின் நடுப்பகுதியில் தேசிய எரிபொருள் அனுமதி முறை நடைமுறைக்கு வந்தது. மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர், காருக்கு 20 லீற்றர் எனத் தொடக்கத்தில் வரையறுக்கப்பட்டது. எரிபொருள் வரவு சீரடைந்தமையும் சேர, வரிசைகள் குறைந்தன. நாளையும் தனக்குரிய பங்கு இருக்கும் என்ற உறுதியும் ஒருவகை ஒதுக்கமே என்பதை அது உணர்த்திற்று. எனினும் முச்சக்கர வண்டியை ஓட்டிப் பிழைப்பவருக்கு 5 லீற்றர் போதுமா என்னும் வினா அப்போதே எழுந்தது. சமமான விதி நியாயமான விதியாக அமைவதற்குத் தேவையின் தன்மையையும் நோக்குதல் வேண்டும்.

இவையனைத்தையும் எந்த அளவுகோலால் மதிப்பிடுவது? மொத்த நன்மையைக் கூட்டிப் பார்க்கும் பயன்வழிக் கொள்கை ஓரளவே உதவும். பாங்கொக்கின் மையத்தைக் காத்தமையால் மொத்த இழப்புக் குறைந்திருக்கலாம். ஆனால் அக்கூட்டல் குலோங் சாம் வா மக்களுக்கு விடையாகாது. ஜோன் றோல்ஸ் 1971 ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது நீதிக் கோட்பாட்டு நூலில் முன்வைத்த சிந்தனைச் சோதனை இங்கு பொருத்தமானது. சமுதாயத்தில் தமக்கு எந்த இடம் வாய்க்கும் என்பதை அறியாதோர் ஒன்றுகூடி விதிகளை வகுப்பதாகக் கொள்வோம். மதகுக்கு உட்புறமா வெளிப்புறமா தமது வீடு அமையும் என அறியாதவர் எத்தகைய நீர்த்திட்டத்துக்கு உடன்படுவார்? எல்லையற்ற ஒதுக்கத்தை அவர் கோரார். அதன் செலவையும் தாமே தாங்க நேரலாம் என்பதை அவர் அறிவார். ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரே சாராரே மூழ்குவதற்கும், அவர்களைக் கேளாது அவ்வாறு தீர்மானிப்பதற்கும், மூழ்கியோரை ஈடின்றிக் கைவிடுவதற்கும் அவர் உடன்படார்.

இச்சிந்தனையிலிருந்து மூன்று வினாக்களை வகுத்துக்கொள்ளலாம். ஒதுக்கத்தைக் குறைத்து இலாபம் பெறுபவர் தட்டுப்பாட்டின் துன்பத்திலும் பங்கேற்கின்றாரா? ஒதுக்கம் இருப்பின், இடர்க்காலத்தில் அது யாருக்குத் திறக்கும் என்பது முன்கூட்டி அறிவிக்கப்பட்டுள்ளதா? ஒதுக்கமாகப் பயன்படுத்தப்படுவோரின் சம்மதம் பெறப்பட்டு ஈடு வழங்கப்படுகின்றதா? தாய்லாந்தில் பூமிபோல் மன்னர் முன்வைத்த ‘குரங்குக் கன்னம்’ என்னும் வெள்ளத் தணிப்புத் திட்டம் மூன்றாம் வினாவுக்கு எடுத்துக்காட்டாகும். குரங்கு வாழைப்பழத்தைக் கன்னத்தில் அடக்கி வைத்துப் பின்னர் ஆறுதலாக உண்பதுபோல, வெள்ளநீரைத் தாழ்நிலங்களிலே தற்காலிகமாகத் தேக்கி, பின்னர் வடியவிடுதல் அதன் கருத்து. பொறியியல் நோக்கில் அது சிறந்த யோசனை. ஆயினும் கன்னமாக அமையும் வயல் ஓர் உழவருடையதாயின், அறுவடைக்குக் காலம் கொடுத்தும் இழப்புக்கு ஈடு கொடுத்தும் அவரது இசைவைப் பெற்ற பின்னரே அத்திட்டம் நீதியானதாகும்.

முதலாம் வினாவே இவற்றுள் அடிப்படையானது. பசித்த வீட்டிலும் விதைநெல்லைத் தொடாது காத்த உழவர் குடும்பத்தை நம் சமுதாயம் நன்கறியும். அங்கு பட்டினியை ஏற்றவர்களும், அடுத்த போகத்தில் அதன் பயனைப் பெற்றவர்களும் ஒரே குடும்பத்தினர். சேமிப்பவரும் துய்ப்பவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தமையால் எவ்வளவு வைப்பது என்பதில் அவர்கள் பெரிதும் தவறவில்லை. இன்றைய வழங்கற் சங்கிலியில் தீர்மானிப்பவர் ஒரு கண்டத்திலும், துன்புறுபவர் மறு கண்டத்திலும் உள்ளனர். அவ்விருவரையும் மீண்டும் ஒரே கணக்கேட்டினுள் கொணர்வதற்குச் சட்டமும் காப்புறுதியும் தொழிற்சங்கமும் பொதுவிசாரணையும் தேவைப்படுகின்றன. எதிர்வுகூறும் கணித முறைகளைச் செம்மைப்படுத்துவதால் மட்டும் அது நிறைவேறாது.

பொறியியலும் முகாமைத்துவமும் கணினியியலும் பயிலும் நம் மாணவர் நாளை இத்தகைய தீர்மானங்களை எடுக்கும் இருக்கைகளில் அமரவுள்ளனர். எத்தனை சதவீதத்தை வெறுமையாக விடுவது என்னும் கணக்கு அவர்கள் மேசைக்கு வரும். விடையை எழுதுவதற்கு முன்னர், அவ்வெறுமை நீக்கப்படின் நிரம்பப்போவது யாருடைய முற்றம் என்பதையும் அவர்கள் வினவுவார்களாயின், அவர்கள் பெற்ற கல்வி தன் கடனை ஆற்றியதாகக் கொள்ளலாம்.